கிதாரின் இரண்டாவது காது

செஞ்சியிலிருந்து வடக்கே நாலைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிங்கவரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அரங்கநாதரைக் காணவே போகிறார்கள். குன்றின் மேல், பல்லவர் காலக் குடைவரையில், மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டுப் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள். நாங்களும் அவரைக் காணத்தான் போனோம். ஆனால் படியிறங்கிய பின் எங்களை நெடுநேரம் பேசவைத்தது, அடிவாரத்தில் ஒரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் கிடந்த பழைய மின்கிதார்.

அது நண்பரின் தந்தையார் விட்டுச்சென்றது. திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு வாசித்தவர் அவர். கனத்த மரத்தாலான கிதார். கம்பிகள் வந்து அமரும் பாலத்தருகே ஒரே ஒரு பிக்கப். நண்பர் இப்போது அதில் கீர்த்தனைகள் வாசித்துப் பழகுகிறார். அதன் கூரிய ஒலியில் தாம் தேடும் குழைவு கிடைக்கவில்லை என்பதால், கழுத்துப் பக்கம் இன்னொரு பிக்கப் பொருத்த எண்ணுகிறார். அதற்குத் தந்தையின் கிதாரைக் குடைய வேண்டும். எதைப் பொருத்துவது, அதற்குமுன் குடையத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியைப் பலர் பல ஊர்களில் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பிக்கப் என்பது ஒரு காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றப்பட்ட மயிரிழைச் செம்புக் கம்பியும்தான். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஜார்ஜ் போஷாம்ப் 1931இல் உருவாக்கிய இந்த அமைப்போடு மறு ஆண்டே ரிக்கன்பேக்கரின் ‘வாணலி’ கிதார் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை கிடைத்தது 1937இல். அந்தப் பத்தாண்டிலேயே ஹாரி டிஆர்மண்ட் கழற்றி மாட்டக்கூடிய பிக்கப்புகளைச் செய்யத் தொடங்கியிருந்தார். உளி படாமலே சாதாரணக் கிதாரை மின்கிதாராக்கிவிடலாம். பின்னால் வந்தவர்கள் பலரும் மறந்துபோன செய்தி இது.

இரண்டாவது பிக்கப் ஏன் தேவைப்பட்டது? கம்பி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அசைவதில்லை. பாலத்தருகே அசைவு சிறிது. அடிப்படைச் சுரத்தைவிட மேற்சுரங்கள் அங்கே ஓங்கி நிற்கும். கழுத்தை நோக்கிப் போகப்போக அடிப்படைச் சுரம் வீசி அசைகிறது. ஒலி உருண்டு வருகிறது. ஆக, பிக்கப்பை எங்கே வைக்கிறோம் என்பதே கம்பியின் எந்தக் குணத்தைக் கேட்கப்போகிறோம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950இல் ஒற்றைப் பிக்கப் கொண்ட எஸ்கொயரை வெளியிட்டது. அதே ஆண்டில் கழுத்தருகே இன்னொன்றைச் சேர்த்த கிதாருக்குப் பிராட்காஸ்டர் என்று பெயர். அப்பெயரில் வேறொரு நிறுவனத்தின் மேளங்கள் இருந்ததால் 1951இல் அது டெலிகாஸ்டர் ஆயிற்று. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகள். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ள மூன்று நிலைகள் கொண்ட சுவிட்ச் இருந்தது. வாசிப்பவர்களோ அந்தச் சுவிட்சை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளின் கலவையை எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் ஐந்து நிலைச் சுவிட்சைத் தந்தது 1977இல்தான். செய்தவர்கள் எண்ணிப்பாராத ஒலியை வாசித்தவர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல் இரைச்சல். செம்புச் சுருள் கம்பியின் அதிர்வோடு சுற்றிலுமுள்ள மின்சாரத்தையும் பிடித்துக்கொள்ளும். திருவிழாப் பந்தலில் சீரியல் விளக்குகள் எரிய, ஒலிபெருக்கி ‘ம்ம்ம்’ என்று முனகுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இதற்கொரு வழி கண்டு காப்புரிமை கோரினார், 1959இல் கிடைத்தது. அருகருகே இரண்டு சுருள்கள். சுற்றும் திசை எதிரெதிர், காந்த முனைகளும் எதிரெதிர். கம்பியின் ஒலி கூடுகிறது, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஹம்பக்கர் என்ற பெயர் அதனால் வந்தது. ஆனால் அதற்கு அகலமான பள்ளம் வேண்டும். ஒலியின் விளிம்பும் சற்று மழுங்கும்.

நம் மண்ணில் இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்தது. பாலக்கொல்லில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், 1981இல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் மேடையேறியபோது, மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று வியந்தவர்கள் உண்டு. சாதாரண மாண்டலினில் இரட்டைக் கம்பிகள். நாதம் உடனே தேய்ந்துவிடும். கமகத்துக்கோ நிலைத்து நிற்கும் நாதம் வேண்டும். ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட மின்மாண்டலின் அதைத் தந்தது. 2014இல் அவர் மறையும்வரை அந்த நாதத்தைக் கேட்டோம். சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் மின்கிதாரிலேயே கச்சேரி செய்து காட்டினார்கள்.

வீணைக்கு வந்த சோதனை நுட்பமானது. அரங்குகள் பெரிதானபோது வீணையிலும் பிக்கப் ஏறியது. காந்தப் பிக்கப் எஃகுக் கம்பியை நன்றாகக் கேட்கும். வெறும் பித்தளைக் கம்பியானால் ஏறத்தாழச் செவிடு. மந்தர ஸ்தாயியில் பித்தளை பூட்டிய வீணையில் மேல் தந்திகள் முழங்க, கீழ்த் தந்திகள் முணுமுணுக்கும். பலகையோடு ஒட்டும் தொடு-ஒலிவாங்கி எல்லாத் தந்தியையும் கேட்கும். கூடவே விரல் உரசலையும் தட்டலையும் கேட்கும். எது உயர்ந்தது என்பதைவிட, இருப்பது எதைக் கேட்கத் தவறுகிறது என்று வைணிகர்கள் பார்க்க வேண்டியிருந்தது.

நண்பருக்கும் அதையே சொன்னோம். பாலத்துப் பிக்கப்புக்குக் கேளாதது கம்பியின் அடிவயிற்று ஒலி. எனவே கழுத்துப் பக்கம் சரியான இடமே. ஆனால் அங்கே கம்பி வீசி அசைவதால் வலிமை குறைந்த பிக்கப்பே போதும். வலிமை மிக்கதை வைத்தால் பழையது அமுங்கிப்போகும். அதைவிட முக்கியம், கடுமையான காந்தத்தைக் கம்பிக்கு மிக அருகில் வைத்தால் அது கம்பியையே இழுக்கும், சுரம் தடுமாறும். கமகம் வாசிப்பவருக்கு அது பெருந்தீங்கு. பழைய பிக்கப்புக்கு எதிர்த்திசையில் சுற்றி, எதிர்முனைக் காந்தம் கொண்ட ஒற்றைச் சுருளாகத் தேர்ந்தால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது இரைச்சலும் அடங்கும். சுற்று, முனை இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஒலி சேராமல் மெலிந்து சோகையாகிவிடும். வாங்குமுன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

குடைவதைப் பற்றி எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. கருவி என்பது வாசிக்கத்தானே, பூசைக்கா என்றார் ஒருவர். அதுவும் நியாயம்தான். எனினும் நாங்கள் அப்போதுதான் இறங்கிவந்த குன்று கண்முன்னே நின்றது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பொறித்துவைத்தான் மகேந்திரவர்மன். அந்தப் பெருமிதத்துக்குள் ஓர் அச்சமும் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. கட்டுகிறவன் தவறினால் பிரித்துக் கட்டலாம். குடைகிறவன் உளி ஒருமுறை தவறினால் கல் திரும்ப வராது.

ஆகவே முதலில் ஒரு மெல்லிய பிக்கப்பைக் கழுத்தருகே மரத்தின் மேலேயே ஒட்டி, கம்பியைத் தனியே வெளியே இழுத்து, சில மாதம் வாசித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. டிஆர்மண்ட் காட்டிய பழைய வழி. அந்த ஒலி வேண்டும் என்று காது உறுதியாகச் சொன்ன பிறகு உளியை எடுக்கலாம்.

விடைபெறும்போது நண்பர் கிதாரைத் துணியில் சுற்றினார். அதன் மேல்விளிம்பில், தந்தையாரின் முன்கை பல ஆண்டுகள் உராய்ந்து, பூச்சு தேய்ந்து மரம் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் எதற்காகவும் தொடப்போவதில்லை என்றார்.