பதினொரு வருஷம் காத்திருந்த கறுப்புக் கோட்டு

இராமநாதபுரம். நம்ம தோட்டங்கள்ல பெரியவங்களக் கேட்டா, பூட்டன் கப்பலேறி வந்த ஊர்னு சொல்ற பேர்கள்ல இதுவும் ஒன்னு. அந்த மாவட்டத்துப் பரமக்குடிக்காரர் சத்யஸ்ரீ ஷர்மிளா. 2018 ஜூன் 30 அன்று தமிழ்நாடு பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிந்தார். (நாம சட்டத்தரணின்னு சொல்றதத்தான் அங்க அப்படிச் சொல்வாங்க.) இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞர் என்று பத்திரிகைகள் கொண்டாடின.

எல்லாரும் 'முதல்' என்ற சொல்லையே பிடிச்சிக்கிட்டாங்க. எனக்கு உறுத்துறது வேறொரு கணக்கு. சேலத்தில் அவர் சட்டம் படிச்சு முடிச்சது 2007ல. கோட்டுப் போட்டது 2018ல. நடுவுல 11 வருஷம் எங்க போச்சு?

ஆண், பெண்ணுன்னு ரெண்டே கட்டம் உள்ள பத்திரத்துல அவருக்கு இடமில்ல. பொய்யா ஒரு கட்டத்துல கோடு போட்டுட்டு உள்ள போயிருக்கலாம். அவர் போகல. திருநங்கைகளோட உரிமைக்காக வேலை செஞ்சுக்கிட்டுக் காத்திருந்தார்.

2014 ஏப்ரல் 15 அன்று கதவு திறந்தது. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், தன் பாலினம் எதுவென்று சொல்லும் உரிமை அந்த ஆளுக்கே உண்டு, அறுவைச் சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனா தீர்ப்பு வேற, விண்ணப்பப் பத்திரம் வேற. தீர்ப்புக்குப் பிறகும் பிரித்திகா யாஷினி பொலிஸ் எஸ்.ஐ. பரீட்சைக்குப் போட்ட விண்ணப்பம் தள்ளுபடியானது. 2015ல சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர் வேலையை வாங்கினார். 2018ல தூத்துக்குடியில ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய அலுவலகம் மறுத்தது. 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளை சொன்ன பிறகுதான் அது நடந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வழக்கு!

ஒரு துண்டுக் கடதாசிக்கு இவ்வளவு பாடான்னு மத்தவங்க கேக்கலாம். மலையகத்துல யாரும் கேக்க மாட்டாங்க. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அப்பன், இல்லாட்டி பாட்டனும் பூட்டனும் இங்க பிறந்ததுக்கு அத்தாட்சி கேட்டுத்தானே லட்சக்கணக்கான நம்ம ஆட்கள நாடற்றவங்களாக்குச்சு.

இலங்கையில 2016ல ஒரு வழி வந்தது. சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி, மனநல வைத்தியர் பரிசோதிச்ச பிறகு பாலின அங்கீகாரச் சான்றிதழ் கிடைக்கும். அத வச்சுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். நல்ல விஷயம்தான். ஆனா 'நான் யார்'னு சொல்ல இங்க டொக்டர் வேணும். திருத்தினாலும் ஆண், இல்லாட்டி பெண், அவ்வளவுதான். அலைஞ்சு திரியிறவங்களப் பிடிக்க வெள்ளைக்காரன் 1841ல போட்ட கட்டளைச் சட்டத்த வச்சு, றோட்டுல போற திருநங்கையப் பொலிஸ் மறிக்கிறதும் நடந்திருக்கு.

தெமோதரையில லயத்துல இருக்கிற ஒரு பிள்ளைக்கு இந்த வழி பதுளை ஆஸ்பத்திரி கிளினிக் வரிசையில தொடங்கும். பெயர் போட வேண்டிய நாள்ல அம்மாவோட சம்பளம் போயிரும். சான்றிதழ் வந்த பிறகு அடையாள அட்டை, ஓ.எல். பெறுபேறு, பேங்க் புத்தகம்னு ஒவ்வொன்னா மாத்தணும்.