வாய் ஊரின் விலாங்குகள்



இரு பக்கமும் நடிப்பவனைப் 'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு' என்போம். நமது பழமொழி இகழ்ந்த அந்த உயிரினத்தை ஓர் ஊரே புனிதமாகப் போற்றக் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், இந்தோனேசியாவின் அம்பொன் தீவுக்குச் சென்றிருந்த வேளையிலே அது நிகழ்ந்தது.

அம்பொன் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1605இல் கராம்புக்காக அத்தீவின் போர்த்துக்கேயக் கோட்டையைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கம்பனிதான், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியது.

சலகுத்து மலையடிவாரத்திலே உள்ள ஊரின் பெயர் வாய். அம்மொழிகளில் 'வாய்' என்றால் தண்ணீர். மலையிலிருந்து இறங்கிய முன்னோர் எறிந்த ஈட்டி குத்திய இடத்தில் ஊற்றுப் பிறந்தது என்பது ஊர்க்கதை. அந்த ஊற்றோடையில் காவற்காரர் கையால் தண்ணீரைத் தட்டினார். பாறை இடுக்குகளிலிருந்து, கை மொத்தத்தில் விலாங்குகள் நெளிந்து வந்து, அவர் நீட்டிய முட்டையை உண்டன. பக்கத்திலே பெண்கள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தனர். அவ்வூரார் கிறிஸ்தவர்கள். ஆயினும் தேவாலயம் வருமுன்னிருந்த இந்த வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. விலாங்கைப் பிடிப்பதோ உண்பதோ அங்கு விலக்கு. அவை ஊற்றை நீங்கினால் ஊருக்குத் தீங்கு வருமென நம்புகின்றனர்.

ஆற்று விலாங்கு பிறப்பது ஆழ்கடலில். குஞ்சாக ஆறேறி வந்து, நன்னீரிலே பல்லாண்டு வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். ஆக, அவ்வூரார் போற்றுவது எங்கிருந்தோ வந்த விருந்தாளியைத்தான்.

1999இல் மலுக்குத் தீவுகளில் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலவரம் மூண்டது. இரு தரப்பிலும் ஊர்கள் எரிந்தன. 2000 ஜூலையில் வாய் தாக்கப்பட்டு, மக்கள் ஓடினர். 2002 பெப்ரவரியில் மலினோ உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே ஊர்திரும்புதல் கைகூடியது.

இதைக் கேட்டபோது என் நெஞ்சு வேறோரிடம் போயிற்று. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்த கூட்டத்திலே நானும் ஒரு சிறுவன். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அப்பா அதைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். "தண்ணி கிடக்கு" என்றார். அதன் பிறகுதான் அம்மா மூட்டையை இறக்கி வைத்தார்.

விலாங்கைக் காப்பவர் உண்மையில் தண்ணீரையே காக்கிறார். அழுக்கு நீரில் அது தங்காது, அது தங்கும் நீரை மனிதரும் நம்பிக் குடிக்கலாம் என்பது அவ்வூரின் நம்பிக்கை. இன்று நம் கிணறுகளில் உப்பும் உரமும் ஏறி வருகின்றன. காவலுக்கு நம்மிடம் விலாங்கு இல்லை, நாம்தான் இருக்கிறோம்.