இயல்பான மகனும் சுவீகாரப் பிள்ளைகளும்: டச்சுக் காலப் பழவேற்காடும் திருமுழுக்கு வாதமும்

ஆய்வுச் சுருக்கம்

யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றபோது இயேசு இறைமகன் ஆனாரா, அல்லது என்றும் இறைமகனாக இருந்தவர் அப்போது வெளிப்படுத்தப்பட்டாரா என்பது கிறித்தவத்தின் பழமையான வினாக்களுள் ஒன்று. இதற்கு டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை அளித்த விடையையும், பழவேற்காடு போன்ற வணிகக் குடியேற்றங்களில் யாருக்குத் திருமுழுக்கு அளிக்கலாம் என்பதில் அத்திருச்சபை மேற்கொண்ட முடிவையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, திருமுழுக்கு, இறைமகன்மை, சுவீகாரம், டார்ட் மன்றம்.

முன்னுரை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கிறித்தவத்தின் இரு மரபுகள் அடுத்தடுத்து வேரூன்றின. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே கத்தோலிக்கம் வந்தது. 1613இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்குக் கெல்திரியாக் கோட்டையை எழுப்பியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் ஆட்சி மையமாகப் பழவேற்காடே விளங்கியது. கம்பெனியின் போதகர்கள் சீர்திருத்தத் திருச்சபையின் அறிக்கைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

யோர்தான் நிகழ்வும் மகன்மை வாதமும்

இயேசு நீரிலிருந்து கரையேறியபோது வானிலிருந்து ஒரு குரல் அவரை மகன் என விளித்ததாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. லூக்கா நற்செய்தியின் சில பழம்படிகளில் அக்குரல், இரண்டாம் திருப்பாடலைத் தழுவி, ‘இன்று’ ஈன்றதாகக் கூறும் பாடம் காணப்படுகிறது. இயேசு மனிதராகப் பிறந்து, பின்னர் இறைவனால் மகனாக ஏற்கப்பட்டார் என வாதிட்டோருக்கு இத்தகைய பகுதிகள் சான்றாயின. இக்கருத்தை உரோமையில் கற்பித்த பைசாந்தியத் தெயோதோத்து, இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை விக்டரால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 325இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என அறுதியிட்டது.

டச்சுத் திருச்சபை இம்மரபையே பின்பற்றியது. 1561ஆம் ஆண்டின் பெல்ஜிக் அறிக்கை, யோர்தான் நிகழ்வை மூவொரு இறைமைக்குச் சான்றாகக் கொள்கிறது. மகன்மை காலத்தில் தோன்றியதன்று, என்றுமுள்ளது என்கிறது. 1563ஆம் ஆண்டின் ஐடெல்பெர்க் வினாவிடை மேலும் ஒரு வேறுபாட்டை நிறுவுகிறது. கிறிஸ்து ஒருவரே இயல்பான மகன்; நம்பிக்கையாளர் அனைவரும் அருளால் சுவீகரிக்கப்பட்ட பிள்ளைகள். இதன்படி, பிறப்பால் இறைவனின் பிள்ளை என உரிமை கொண்டாட எந்த மனிதருக்கும் இடமில்லை.

டார்ட் மன்றத்தின் முடிவு

1618 திசம்பரில் டார்ட் மன்றத்தின் முன் கிழக்கிந்தியப் பகுதியிலிருந்து ஒரு வினா வந்தது. கிறித்தவக் குடும்பங்களில் சுவீகாரமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிறசமயத்தாரின் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கலாமா என்பதே அது. அளிக்கலாம் என்போர், ஆபிரகாமின் வீட்டில் பணம் கொடுத்து வாங்கப்பட்டோரும் விருத்தசேதனம் பெற்றதைச் சுட்டினர். பெரும்பான்மையோர் இதனை ஏற்கவில்லை. அக்குழந்தைகள் வளர்ந்து, மறைக்கல்வி பெற்று, தம் நம்பிக்கையை அறிக்கையிட்ட பின்னரே திருமுழுக்குப் பெறலாம் என முடிவாயிற்று.

இம்முடிவில் ஒரு முரண் உள்ளது. அனைவரும் சுவீகாரப் பிள்ளைகளே எனக் கற்பித்த திருச்சபை, குழந்தைத் திருமுழுக்கில் பிறப்பையே அளவுகோலாகக் கொண்டது. உடன்படிக்கை பெற்றோர் வழியே குழந்தைகளுக்கும் உரியது என்பது அதன் விளக்கம். எனவே மனிதர் செய்யும் சுவீகாரம் அவ்வுடன்படிக்கைக்குள் நுழையும் வாயிலாகக் கருதப்படவில்லை.

பழவேற்காட்டுச் சூழல்

இவ்வாதம் இறையியலோடு நிற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர். திருமுழுக்குப் பெற்ற அடிமைகள் ஏனைய கிறித்தவரைப் போன்றே விடுதலை உரிமை பெறவேண்டும் என ஜெனீவாப் பேராளர் டியோடாட்டி டார்ட் மன்றத்தில் கருத்துரைத்தார். அது கட்டளையாகவில்லை, அறிவுரையாகவே நின்றது. திருமுழுக்கு மறுக்கப்பட்ட குழந்தைக்கோ அவ்வறிவுரையின் நிழலும் எட்டவில்லை.

1632 முதல் 1642 வரை இங்குப் போதகராயிருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து பிராமணர்தம் வாழ்வையும் வழிபாட்டையும் எழுதினார். அவரது மறைவுக்குப்பின் அந்நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. பிறர் சமயத்தை அறிய அவர் காட்டிய நாட்டம் பெரிது. எனினும் அவர் பணியாற்றிய திருச்சபையின் வாயில் டார்ட் முடிவால் வரையறுக்கப்பட்டிருந்தது. இதற்கு மாறாக, கத்தோலிக்க மரபில் சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு எவரும் திருமுழுக்கு அளிக்கலாம். அங்குப் பெற்றோரின் சமயம் தடையன்று.

பிறப்பின் வழியே உரிமை என்பது இவ்வேரிக்கரைக்குப் புதிதன்று. பட்டினவர் ஊர்களில் மீன்பிடி இடங்களைச் சுழற்சியாகப் பகிரும் ‘பாடு’ முறையிலும் உரிமை சமூகப் பிறப்பைச் சார்ந்தது. ஆதலின் ‘மகன்’ என்னும் சொல் இங்கு வெறும் உருவகமாக ஒலித்திருக்க இயலாது. அது பங்கையும் பாதுகாப்பையும் குறிக்கும் சொல்.

முடிவுரை

சுவீகாரக் கொள்கையைக் கிறிஸ்துவைப் பொறுத்தவரை மறுத்த திருச்சபை, மனிதரைப் பொறுத்தவரை அதனையே மீட்பின் வழியாக ஏற்றது. ஆயினும் குடியேற்றப் பகுதிகளில், சுவீகாரத்தால் வீட்டுக்குள் வந்த குழந்தைக்கு அக்கொள்கை பயன்படவில்லை. டச்சுக் காலக் கிறித்தவ வரலாற்றை ஆராய்வோர், திருமுழுக்குப் பெற்றோரின் எண்ணிக்கையோடு, அது மறுக்கப்பட்டதன் காரணங்களையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.