இழந்த ஊதியமும் அதன் சான்றும்

கடலை நம்பி வாழ்வோர்க்குக் கலம் என்பது நாள்தோறும் பொருளீட்டித் தரும் கருவியாகும். கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த கிண்ணியாவில் தோணியும் வலையும் எஞ்சினும் உரிமையாளர் ஒருவரின் முதலாயினும், அவற்றின் உழைப்பிற் பங்குபெறும் குடும்பங்கள் பல. பிறர் தவற்றால் அக்கலம் உடையுமாயின் இருவகை நட்டம் உண்டாகும். பழுதுபார்க்குஞ் செலவு ஒன்று. கலம் கரையிற் கிடந்த நாட்களில் வாராதுபோன ஊதியம் மற்றொன்று. முன்னதற்குத் தச்சனின் பற்றுச்சீட்டே சான்றாகும். பின்னதை நிறுவுதல் அரிது. இவ்விரண்டாம் நட்டத்தை நீதிமன்றங்கள் படிப்படியாக ஏற்றுக்கொண்ட வரலாறு கரையோர மக்கள் அறியற்பாலது.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம், உற்ற சேதத்தையும் தடைப்பட்ட ஊதியத்தையும் வேறுபிரித்து இரண்டையும் நட்டமெனக் கொள்ளும். கப்பல் தொடர்பான விடயங்களிலோ ஆங்கிலச் சட்டமே ஆளும் என 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆதலின் இலண்டனிற் பிறந்த தீர்ப்புகள் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் உரியவாயின.

அக்காலத்தில் ஆங்கிலக் கடல்வழக்கு மன்றத்தில் வீற்றிருந்தவர் டாக்டர் லஷிங்டன். 1849இல் ‘கொலம்பஸ்’ வழக்கில், கலம் முற்றாக அழிந்தவிடத்து அதன் பெறுமதியே கிடைக்கும். எதிர்கால ஊதியம் கிடையாது என்று அவர் தீர்த்தார். அடுத்த ஆண்டு ‘கிளாரன்ஸ்’ வழக்கில், சேதமுற்றுத் தங்கிய கலத்தின் ஊதிய இழப்பைப் பெறுதற்கு இரண்டு நிபந்தனைகளை வகுத்தார். இழப்பு மெய்யாகவே நேர்ந்திருத்தல் வேண்டும். அதன் அளவு தக்க சான்றால் நிறுவப்படல் வேண்டும். கலம் சும்மா கிடந்தது என்பது மட்டும் போதாது. கிடவாதிருப்பின் அது உழைத்திருக்கும் என்பதையுங் காட்டுதல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

1889இல் ‘ஆர்ஜென்ரீனோ’ வழக்கில், மோதுண்ட கப்பல் பழுதுபார்க்கப்பட்ட காலத்தில் இழந்த அடுத்த பயணத்தின் ஊதியத்தையும் பிரபுக்கள் சபை ஏற்றது. 1897இல் ‘கிறேற்றா ஹோம்’ வழக்கில் மேலும் ஒருபடி முன்சென்றது. ஆங்குச் சேதமுற்றது மேர்சி துறைமுகச் சபையின் தூர்வாருங் கலம். அச்சபை இலாபம் கருதி உழைப்பதன்று. எனினும் கலத்தின் பயன் இல்லாதுபோனமைக்கு இழப்பீடு உண்டு என முடிவாயிற்று.

இவற்றுள் நின்று நினைக்கத்தக்கது ‘லீஸ்பொஸ்’ வழக்காகும். 1928 நவம்பரில் கிரேக்க நாட்டின் பற்றாஸ் துறைமுகத்தில் ‘எடிசன்’ என்னும் கப்பல், ‘லீஸ்பொஸ்’ என்ற தூர்வாருங் கலத்தின் கட்டுகளிற் சிக்கி அதனை வெளிக்கடலுக்கு இழுத்துச் சென்றது, கலம் மூழ்கிற்று. உரிமையாளர் துறைமுக வேலையை ஒப்பந்தமாக ஏற்றிருந்தனர். மாற்றுக்கலம் வாங்கப் பணமின்மையால் இத்தாலியிலிருந்து ஒன்றை மிகுந்த வாடகைக்கு அமர்த்தினர். 1933இல் ரைற் பிரபு வழங்கிய தீர்ப்பு, ஒப்பான கலத்தின் விலையையும், அதனைப் பற்றாஸ் வரை கொணரும் செலவையும், மாற்றுக்கலம் நியாயமாகக் கிடைத்திருக்கக்கூடிய நாள்வரை ஒப்பந்த வேலையில் நேர்ந்த நட்டத்தையும் ஏற்றது. ஆயின் வறுமையால் விளைந்த மிகைச் செலவு அவர்களுடைய பொறுப்பே என்று தள்ளிவிட்டது.

கலத்தை இழந்தவனின் வறுமையும் அவனுக்கே குற்றமாயிற்று. எழுபது ஆண்டுகள் நின்ற இவ்விதியைப் பிரபுக்கள் சபை 2003இல், மோட்டார் வண்டி பற்றிய ஒரு வழக்கிலேதான் கைவிட்டது. வேறு வழியற்றோன் பணமின்மையால் நியாயமாகச் செய்த செலவும் இழப்பீட்டுக்கு உரியது என்பது அதன் முடிவு.

விதி தளர்ந்தது, சான்றின் தேவை தளரவில்லை. இழந்த ஊதியம் எனப்படுவது மொத்த வருவாயன்று. எடுத்துக்காட்டாக, ஒரு தோணி நாளொன்றுக்கு 10,000 ரூபா மீன் விற்று, எண்ணெய்க்கும் பனிக்கட்டிக்கும் 4,000 ரூபா செலவிடுமாயின் ஊதியம் 6,000 ரூபாவே. அது 30 நாள் கரையிற் கிடந்து, அவற்றுள் 8 நாள் வாடைக்காற்றால் எவருமே கடலுக்குச் செல்லாதிருப்பின், கணக்கு 22 நாட்களுக்கே. கேட்கத்தக்க தொகை 1,32,000 ரூபா, 3,00,000 அன்று. முன்னாண்டின் அதே பருவத்துப் பிடிபாடு, அயற்றோணிகள் அந்நாட்களிற் பெற்றது, மீன் வாங்கியவரின் துண்டு, கூட்டுறவுச் சங்கத்தின் ஏடு, கலத்தின் பதிவு ஆகியன அதற்குச் சான்றுகளாம். பங்கு முறையில் உழைப்போரின் இழப்பும் உரிமையாளரின் கணக்கில் மறையாது தனித்துக் காட்டப்படல் வேண்டும். பழுதுபார்ப்பை வீணே தாமதித்தோனுக்கு அத்தாமதத்தின் பயன் கிட்டாது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவின் வீடுகளையும் கலங்களையும் அழித்தது. இயற்கையின் மீது வழக்கில்லை, வந்தது நிவாரணமே. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்-பிரெஸ் பேர்ள்’ எரிந்து பின் மூழ்கியபோதோ பொறுப்பாளி இருந்தார். மேற்குக் கரை மீனவர் பலர் கலம் சேதமுறாமலே தொழில் இழந்தனர். 2025 ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தப் பணித்தது. ஆயினும் பெருந்தொகை விதிக்கப்படுதல் வேறு, ஒவ்வொரு மீனவனும் தனது இழப்பு இவ்வளவெனக் காட்டுதல் வேறு.

1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி கடல்வழக்குகள் கொழும்பு மேல்நீதிமன்றத்துக்கு உரியன. கிண்ணியாவிலிருந்து அத்துணைத் தொலைவு செல்லும் தொழிலாளி வெறுங்கையோடு செல்லுதல் தகாது. கணக்கெழுதும் கல்வி கடைக்காரர்க்கே உரியதெனக் கரையோரப் பள்ளிகள் கருதிவிடலாகா. தந்தையின் ஒருநாட் பிடிபாட்டையும் செலவையும் மகன் மாலைதோறும் கொப்பியிற் குறித்து வைப்பானாயின், வழக்கு வருமன்று அதுவே அக்குடும்பத்தின் முதற் சாட்சியாகும்.