வெட்டியவனா, வாங்கியவனா, தின்றவனா?

போன மாசம் நீலகேசியை மறுபடி எடுத்தேன். 1936ல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த சமண நூல். வாதம், எதிர்வாதம் என்று போகும் நூல்தான், ஆனால் ஆரம்பம் ஒரு கதை. பாஞ்சால நாட்டில் ராணிக்குப் பிள்ளை பிறக்கிறது. காளியின் அருள் என்று சொல்லி, பலி கொடுக்க ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிறார்கள். அங்கே இருந்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் குறுக்கே வந்து ஒரு யோசனை சொல்கிறார்: மண்ணில் மிருக பொம்மை செய்து வையுங்கள், காளி அதிலேயே திருப்தி ஆகிவிடுவாள். வந்தவர்களும் சரி என்று போய்விடுகிறார்கள். காளிக்குத்தான் கோபம். முனிவரை விரட்டத் தன்னால் முடியாமல், தெற்கேயிருந்து நீலியை வரவழைக்கிறாள். வந்த நீலி கடைசியில் சமணத்துக்கே மாறி, ஊர் ஊராக வாதம் செய்யக் கிளம்புகிறாள். அவள் விடாமல் துரத்தும் விஷயங்களில் ஒன்று, பௌத்தர்கள் கறி தின்பது.

இதைப் படித்தபோது எனக்கு 2003 ஞாபகம் வந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில், 1950ல் போட்ட உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி வெட்டுவதைக் கண்டிப்பாகத் தடுக்கச் சொல்லி ஜெயலலிதா அரசு உத்தரவு போட்டது. எங்கள் வீட்டில் அப்போதுதான் சித்தப்பா மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தோம். சிவகங்கைப் பக்கம் ஒரு கருப்பசாமி கோயில். கிடா நேர்ந்துவிட்டு ரெண்டு வருசம் ஆகியிருந்தது, அப்பத்தா வளர்த்தது. கோயில் வாசலில் போலீஸ் நிற்கும் என்று பேச்சு. ஆகவே பெரியவர்கள் கூடிப் பேசி, கிடாயை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கறிக்கடைக்கு ஓட்டிப் போய் வெட்டி, கறியைத் தூக்குவாளியில் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்தார்கள். சட்டம் மீறப்படவில்லை. அப்பத்தா மட்டும் முனகிக்கொண்டே இருந்தது: "கடையில வெட்டுனா ஆட்டுக்கு வலிக்காதாக்கும்?"

கோயிலில் வெட்டியிருந்தால் முதலில் மஞ்சத்தண்ணி தெளித்திருப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிற மாதிரி ஒரு பாவனையாவது இருந்தது. கறிக்கடையில் யாரும் தண்ணி தெளிக்கவில்லை. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 2004 பிப்ரவரியில் அரசு பின்வாங்கியது, அந்தச் சட்டமே ரத்தானது. எங்கள் கிடாய்க்கு அதனால் ஒன்றுமில்லை.

அப்பத்தாவின் கேள்வி பழைய கேள்விதான். பாவம் வெட்டியவனுக்கா, வாங்கியவனுக்கா, தின்றவனுக்கா? சங்கப் புலவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அந்தணரான கபிலர், கறியும் சோறும் தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாததால் என் கை மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனிடம் கூசாமல் சொல்கிறார் (புறநானூறு 14). கேள்வி கூர்மையாவது சமணமும் பௌத்தமும் மோதிக்கொண்டபோதுதான்.

பௌத்த நிலை மஜ்ஜிம நிகாயத்தில் ஜீவக சுத்தத்தில் இருக்கிறது. எனக்காகக் கொல்லப்பட்டது என்று பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் துறவி கறியை ஏற்கலாம். பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவருக்கு நியாயமான விதிதான் என்று நினைக்கிறேன். போட்டதைத் தின்கிறவர் சமையல் பட்டியல் கொடுக்க முடியாது. துறவிகள் மீனும் கறியும் தொடவே கூடாது என்று தேவதத்தன் கேட்டபோதும் புத்தர் அதைக் கட்டாயமாக்க மறுத்துவிட்டார்.

தமிழில் இதன் அழகான வடிவம் மணிமேகலையில் இருக்கிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர்கள் வாழும் மலையில் ஒதுங்குகிறான். மனிதர்களையே தின்கிறவர்கள் அவர்கள். இவனுக்கு அவர்கள் பாஷை தெரிந்ததால் பிழைக்கிறான். தலைவன் பெண்ணும் கள்ளும் கறியும் கொடுக்கச் சொல்ல, சாதுவன் மறுக்கிறான். உயிர், மறுபிறப்பு என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் தலைவன் கேட்கிறான்: சரி, நாங்கள் என்ன செய்யட்டும்? சாதுவன், உன்னால் முடிகிற அறத்தைச் சொல்கிறேன் என்கிறான். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே, வயசாகித் தானாகச் செத்த விலங்கைத் தவிர வேறு எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே. அவ்வளவுதான். காய்கறி சாப்பிடு என்று சொல்லவில்லை. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசியிருக்கிறான்.

சாத்தனார் குறளை அறிந்தவர், தன் காப்பியத்திலேயே ஒரு குறளை எடுத்தாள்கிறார். ஆனால் வள்ளுவர் இப்படிச் சலுகை தருகிறவர் இல்லை. புலால் மறுத்தல் அதிகாரத்தில் 256ஆம் குறள் கருணையே பேசவில்லை, சந்தைக் கணக்குப் பேசுகிறது: தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், காசுக்காகக் கறி விற்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். பரிமேலழகர் இதற்கு உரை எழுதும்போது எதிரே ஒரு வாதியை நிறுத்துகிறார். முன்னால் நடந்துபோன கொலைக்குப் பின்னால் நடக்கிற தின்பது எப்படிக் காரணமாகும் என்பது அவன் கட்சி. லேசான கேள்வி இல்லை இது. இன்றைக்கும் கறிக்கடை வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தர் மனசிலும் இருப்பது இதுதான்: நான் வாங்காவிட்டாலும் அந்தக் கோழி செத்துத்தானே தொங்குகிறது? வள்ளுவர் ஒரு கோழியைப் பார்க்கவில்லை, நாளைய கோழியைப் பார்க்கிறார். நீலகேசி உரைகாரர் குறளை 'எம் ஓத்து', அதாவது எங்கள் வேதம், என்று சொந்தம் கொண்டாடுவதில் ஆச்சரியம் இல்லை.

பிராய்லர் கோழிக்கு வருவோம். பல்லடம் பக்கம் இது எப்படி நடக்கிறது என்றால், குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது, கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஏறக்குறைய 40 நாளில் ரெண்டு கிலோ தேறிவிடும், லாரி ஏறிவிடும். வளர்க்கிறவருக்குக் கோழி சொந்தமில்லை. கம்பெனிக்காரர் அதைத் தொடுவதில்லை. வெட்டுகிற பையன் சம்பளத்துக்கு வெட்டுகிறான். நான் தோலுரித்துத் துண்டு போட்டதைப் பையில் வாங்குகிறேன். பார்க்கவில்லை, கேட்கவில்லை, எனக்கென்று கொன்றதும் இல்லை. பிச்சைப் பாத்திரத்துக்காகப் போட்ட மூன்று விதியும் எனக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது! இப்படி ஒருத்தன் வருவான் என்று அந்த விதியைப் போட்டவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். 256ஆம் குறளிடம்தான் நான் மாட்டிக்கொள்கிறேன். காசு கொடுப்பது நான்தானே.

அப்பத்தா இந்த விதிக்கு நேர் எதிர். பார்த்தது, கேட்டது, யாருக்காக என்றும் தெரியும். கறிக்குழம்பு என்றால் அதற்கு உயிர். ஆனால் அந்தக் காதுகுத்து விருந்தில் ரசமும் அப்பளமும் மட்டும் வாங்கிக்கொண்டது. ஏன் என்று கேட்டேன். "அது எம் பின்னாடியே திரிஞ்சதுடா" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குக் கறி எடுத்து வைத்தது. எனக்கு ரெண்டு துண்டு கூடுதலாக வைத்தது.

நான் இன்னும் கறியை விடவில்லை. வள்ளுவர் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை, சாதுவன் சொன்ன சலுகையும் எனக்குப் பொருந்தாது, கடையில் வயசாகிச் செத்த கோழியா விற்கிறார்கள்? பிராய்லரை நிறுத்தி எட்டு மாசம் ஆகிறது. தெருக்கோடியில் ஒரு அக்கா ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறார், மாசத்துக்கு ஒன்று அவரிடம் வாங்குகிறேன். விலை இரண்டு மடங்குக்கு மேல். போன தடவை, "நீங்களே புடிச்சுக்கங்க தம்பி" என்று கூடையைத் திறந்துவிட்டார். அரைமணி நேரம் ஆனது.