முக்கோணமும் முகத்துவாரமும்

வளைந்த ஒன்றைத் தட்டையான துண்டுகளால் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. 1802 ஏப்ரலில், பரங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டியபோதே அது இங்கு வந்து சேர்ந்துவிட்டது. மே மாதம்வரை அளந்த அந்த ஏழரை மைல் நேர்கோடுதான் பின்னால் இமயம்வரை போன முக்கோணத் தொடருக்கு முதல் பக்கம்.

ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிலேயே பெறலாம். கிடைத்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம். அதன்பின் சங்கிலிக்கு அதிக வேலையில்லை, பார்வை போதும். பார்வைக்கு உயரம் வேண்டும். சமவெளியில் கோயில் விமானங்கள்தான் உயரம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கோணம் அளக்கும் பெருங்கருவி சுவரில் மோதிச் சிதைந்தது இதனால்தான்.

ஆனால் பூமி தட்டை அல்ல. அதன்மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குச் சற்றே மிஞ்சும். லாம்டன் அந்த மிச்சத்தைச் சரிக்கட்ட, வளைந்த பக்கங்களுக்குப் பதிலாக அவற்றின் நாண்களை எடுத்துக்கொண்டார். உருண்டை, கணக்கில், தட்டை முகங்களாகச் செதுக்கப்பட்டது.

ஏன் முக்கோணம்? முக்காலி ஆடாது, நாலு கால் ஸ்டூல் ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். நாலாவது புள்ளிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் திரையில் உருவம் வரைய முயன்றவர்களும் இந்த வழிக்கே வந்தார்கள். 1972இல் இவான் ஸதர்லாண்டின் மாணவர்கள் ஒரு வோக்ஸ்வாகன் காரின் மேல் கோடுகளிட்டு, புள்ளி புள்ளியாக அளந்து, அதைப் பலகோணங்களாக்கினார்கள். லாம்டன் பூமிக்குச் செய்ததை அவர்கள் காருக்குச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

இம்முறையில் ஒரு பொருள் என்பது இரண்டு பட்டியல்கள். முதலாவதில் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். இரண்டாவதில் முகங்கள், ஒவ்வொன்றும் எந்தப் புள்ளிகளால், எந்த வரிசையில் ஆனது என்ற குறிப்பு. வரிசைக்கு அர்த்தம் உண்டு. இடஞ்சுழியாக எண்ணப்பட்டுத் தெரியும் முகம் நம்மைப் பார்க்கிறது என்பது வழக்கமான உடன்பாடு. முதுகு காட்டும் முகத்தை வரையாமலே விட்டுவிடலாம். பார்ப்பவனுக்குத் தெரியாதது சித்திரத்திலும் இல்லை. யதார்த்தவாதம் பற்றி நமக்குள் நடக்கும் சண்டைகளில் இந்த வசதியை யாரும் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதில்லை.

தட்டை முகங்கள் பட்டை தீட்டிய கல்லைப் போலத் தெரியும். அதே யூட்டாவில் 1971இல் ஆன்ரி கூரோ ஒரு உபாயம் கண்டார். ஒளியின் அளவை மூலைகளில் மட்டும் கணித்து, இடையில் படிப்படியாகக் கலந்துவிடுவது. அவர் எடுத்துக்கொண்ட உருவங்களில் ஒன்று தன் மனைவியின் முகம். கன்னம் வழவழப்பாயிற்று. ஆனால் உருவத்தின் வெளிவிளிம்பை உற்றுப் பார்த்தால் முறிந்த நேர்கோடுகள் அப்படியே இருக்கும். நடுவில் மறைக்க முடிந்த பொய் ஓரத்தில் பிடிபடுகிறது.

இந்த ஓரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

லாம்டன் முதலில் அளந்த தீர்க்கரேகை வில் கடலூர்ப் பக்கமிருந்து வடக்கே வந்து, ஏறக்குறைய பொன்னேரியின் அட்சரேகையில் முடிந்தது. அதற்குச் சில மைல் வடக்கே திருப்பாலைவனம். அதைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. அளவைத் தொடர் பின்னால் இந்தக் கரையையும் மூடிவிட்டது. இன்று கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏரி ஒரு பலகோணம்: வரிசையாகப் புள்ளிகள், கடைசிப் புள்ளி முதற்புள்ளியில் வந்து மூடிக்கொள்ளும், உள்ளே சீரான நீலம்.

ஏரி அப்படி மூடிக்கொள்வதில்லை. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. அந்த ஆழத்தில் நீர் ஒரு சாண் ஏறினாலும் இறங்கினாலும் கரை வெகுதூரம் நகர்ந்துவிடும். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும். மழை வெள்ளம் அதை உடைக்கும். பழவேற்காடு ஏறக்குறைய முழுவதுமே ஓரம்.

குப்பங்களில் இதற்கு வேறொரு கணக்கு இருந்து வந்திருக்கிறது. பாடு என்பார்கள். மீன்படும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, எவர் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்று முறை வைப்பது. நீரைத் துண்டு போட்டு எவருக்கும் சொந்தமாக்காமல், முறையைச் சொந்தமாக்கினார்கள். அதில் நியாயம் மட்டுமே இருந்தது என்று சொல்ல மாட்டேன். தலைக்கட்டுக்குள் வராதவனுக்குப் பாடு இல்லை. ஆனால் இடம் என்பதைக் காலத்தோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும் என்ற அறிவு அதில் இருக்கிறது. புள்ளிக்கு மூன்று எண் போதாது, நாலாவதாகக் காலம் வேண்டும் என்பதை இவர்கள் பட்டியல் எழுதாமலே அறிந்திருந்தார்கள்.

அதிகாரம் படிப்பது பலகோணத்தைத்தான். 1976இல் ஆந்திரப் பகுதியும் 1980இல் தமிழ்நாட்டுப் பகுதியும் பறவைச் சரணாலயங்களாயின. ஒரே நீருக்கு இரண்டு அரசுகளின் எல்லைகள். 1991இலும் பிறகு 2011, 2019இலும் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மேல் ஓதக் கோட்டிலிருந்து தூரம் அளக்கச் சொல்கின்றன. அந்தக் கோட்டை ஏதோ ஒரு நாளின் கோடாக யாரோ வரைந்தாக வேண்டும். வரைந்தபின் நீர் அதைக் கடந்தால் தவறு நீரின்மேல், வலைக்காரன்மேல்.

முக்கோணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது இல்லாமல் தேசப்படமும் இல்லை, திரையில் முகமும் இல்லை. புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். விளிம்பின் முறிவுகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும். ஆனால் நகரும் கரைக்கு எத்தனை புள்ளி வைத்தாலும் அவை நேற்றைய கரையின் புள்ளிகள். லாம்டன் வளைவின் மிச்சத்தைக் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டினார். பழவேற்காட்டின் மிச்சத்தை இன்னும் எவரும் கணக்கில் எடுக்கவில்லை.