‘டிலீட்’ செய்தால் அழிந்துவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கணினியையோ போனையோ விற்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பொறுமையாக வாசித்து முடியுங்கள்.

சென்ற தவணை முடிவில் அக்கராயனைச் சேர்ந்த ஓர் அம்மா எங்களிடம் ஒரு மடிகணினியைக் கொண்டு வந்தார். உயர்தரம் படிக்கும் மகளுக்காகப் பாவித்த கணினியாக வாங்கியது. "சேர், பிள்ளை செய்த செயற்றிட்டம் முழுக்க அழிஞ்சு போச்சு. எடுத்துத் தர ஏலுமோ?" என்று கேட்டார். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டோம். பிள்ளையின் கோப்பு கிடைத்தது. கூடவே நாங்கள் தேடாததும் வந்தது. அந்தக் கணினியை முன்பு வைத்திருந்த யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள், கடவுச்சீட்டுப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி. எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று நம்பித்தான் அவர்கள் விற்றிருப்பார்கள்.

அந்த அம்மா திரையைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கட கல்யாணப் படம் ஒண்டும் மிஞ்சேல்லை சேர். ஆற்றையோ படம் இஞ்ச கிடக்கு."

அந்த வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

எங்கள் மண்ணில் ஆவணம் இழந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. 2008இல் அக்கராயனை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் 2009 மே வரை ஓடிய ஓட்டத்தில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படங்கள் எல்லாம் நனைந்தும் எரிந்தும் புதைந்தும் போயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கிடைத்தது சில மணி நேர அவகாசம். உறுதிகள் அலுமாரியிலேயே கிடந்தன. அதற்கும் முன்னர், 1981 யூன் முதலாம் திகதி விடிவதற்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. காக்க நினைத்தது எதுவும் எங்கள் கையில் நிற்கவில்லை.

ஆனால் உலக வரலாற்றில் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அழிக்க நினைத்தவர்களால் முழுதாக அழிக்க முடியாமற் போன கதை அது.

பிரித்தானியர் தமது காலனிகளை விட்டு வெளியேறும்போது, தங்களுக்குச் சங்கடம் தரக்கூடிய கோப்புகளைப் புதிய அரசுகளிடம் விட்டுச் செல்லக் கூடாது என்று 1961இல் காலனித்துவச் செயலாளர் இயன் மக்லியோட் அறிவுறுத்தினார். எரித்தால் சாம்பலாகும் வரை எரிக்க வேண்டும், அந்தச் சாம்பலையும் உடைத்துவிட வேண்டும். கடலில் போட்டால் பாரம் கட்டிய பெட்டிகளில், கரைக்குத் தொலைவில், நீரோட்டமில்லாத ஆழத்தில் போட வேண்டும். இவ்வளவு கவனமாக இருந்தும், எரிக்காமல் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று ஒளித்து வைத்திருந்த 37 காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் 2011இல் வெளிச்சத்துக்கு வந்தன. கென்யாவின் முதியவர்கள் சிலர், தங்களைச் சித்திரவதை செய்ததற்காக லண்டனில் தொடுத்த வழக்குத்தான் அந்தக் கதவைத் திறந்தது. அந்தத் தொகுதியில் இலங்கைக் கோப்புகளும் இருந்தன.

1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் ஆவணங்களை இயந்திரத்தில் கொடுத்து நாடா நாடாகக் கிழித்திருந்தார்கள். கம்பளம் நெய்பவர்களின் உதவியோடு அவை மீண்டும் ஒட்டப்பட்டு நூல்களாகவே வெளிவந்தன.

பிறகு கணினி வந்தது. 1986 நவம்பரில் ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெளியானபோது, வெள்ளை மாளிகையில் ஒலிவர் நோர்த், ஜோன் பொயின்டெக்ஸ்டர் இருவரும் தமது கணினியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அழித்தார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். காப்புப் பிரதி நாடாக்களில் அவை அப்படியே இருந்தன. விசாரணையாளர்கள் அவற்றை எடுத்து வாசித்தார்கள்.

ஏன் அழிவதில்லை? வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். வரவு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயரை வெட்டிவிட்டால், பிள்ளை வகுப்பை விட்டுப் போய்விடாது, வாங்கில் இருக்கும். வேறொரு பிள்ளை வந்து அந்த இடத்தில் இருந்தால்தான் அது எழும்பும். கணினியில் ‘டிலீட்’ கொடுத்து, ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கினால் வெட்டுப்படுவது இடாப்பிலுள்ள பெயர் மட்டுமே. தரவு வன்தட்டில் கிடக்கும். வேறு தரவு அதன் மேல் எழுதப்படும் வரை மீட்பு மென்பொருள் அதைக் கண்டுபிடித்துவிடும். ‘குயிக் ஃபோர்மட்’ செய்வதும் பழைய இடாப்பை எறிந்துவிட்டுப் புது இடாப்பு வைப்பது போலத்தான்.

அமெரிக்காவின் எம்ஐடியில் இரண்டு ஆய்வு மாணவர்கள் பாவித்த வன்தட்டுகள் 158 ஐ வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்களும் மருத்துவக் குறிப்புகளும் கிடந்தன.

அப்படியானால் எத்தனை தடவை மேலெழுத வேண்டும்? நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையை வைத்து, 35 தடவை வேண்டும் என்று உலகமே நம்பியது. அது அந்தக் காலத்துப் பலவகை வன்தட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன கணக்கு என்றும், இன்றைய தட்டுக்கு அது பொருளற்றது என்றும் பின்னர் அவரே விளக்கினார். இன்றைய சுழலும் வன்தட்டுக்கு ஒரு தடவை முழுமையாக மேலெழுதினாலே போதும்.

ஒரு பிரதியை அழிப்பதாலும் காரியம் முடிவதில்லை. 2013 யூலையில் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகையின் நிலவறையில், பிரித்தானிய உளவு நிறுவனத்தார் பார்த்து நிற்க, ஸ்னோடன் கோப்புகள் இருந்த கணினிகளை அரைத்தும் துளையிட்டும் உடைத்தார்கள். வேறு நாடுகளில் பிரதிகள் பத்திரமாக இருந்தன.

எங்கள் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2023 ஓகஸ்ட் இறுதியில் அரசாங்க மின்னஞ்சல் கட்டமைப்பைக் கப்பம் கோரும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போய்விட்டன. ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் காப்புப் பிரதி இருக்கவில்லை, மென்பொருளும் பழையது. அழிக்கவே கூடாதது அழிந்தது.

ஆகவே உறவுகளே, இழப்பது வேறு, அழிப்பது வேறு. எது வேண்டும் என்று பார்த்து, அதை வேறிடத்தில் பத்திரப்படுத்தி, மிச்சத்தை உரியவரே தன் கையால் துடைப்பதுதான் அழித்தல்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. முதலில் படங்கள், சான்றிதழ்ப் பிரதிகள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்.
2. விண்டோஸ் கணினியில் ‘ரீசெட் திஸ் பிசி’ சென்று, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தெரிவு செய்து, ‘கிளீன் டேட்டா’ என்பதையும் இயக்குங்கள். சில மணி நேரம் எடுக்கும், இடையில் நிறுத்த வேண்டாம்.
3. எஸ்எஸ்டி உள்ள கணினியில் மேலெழுதுவதை முழுதாக நம்ப முடியாது. அது தானாகவே எழுதும் இடத்தை மாற்றிக்கொள்ளும். தயாரிப்பு நிறுவனத்தின் அழிப்பு மென்பொருளைப் பாவியுங்கள். வாங்கிய நாளிலேயே குறியாக்கம் செய்து வைத்தால் இன்னும் நல்லது.
4. போனில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி ‘ஃபெக்டரி ரீசெட்’ செய்யுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்ற மறக்க வேண்டாம்.
5. பழுதான கணினியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கும் முன் வன்தட்டைக் கழற்றித் துளையிட்டு உடையுங்கள்.

பாடசாலை, சங்கம், பள்ளிவாசல், கோயில் கணக்குகள் எங்கள் தனிச்சொத்து அல்ல. தனியொருவர் முடிவெடுத்து அவற்றை அழிக்கக் கூடாது. அரச ஆவணங்களை நினைத்தபடி அழிக்க முடியாது என்று 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் சொல்கிறது. எங்கள் தனிப்பட்ட தரவை அழிக்கும்படி கேட்கும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அங்கீகரிக்கிறது.

அந்த மடிகணினிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். "இந்தப் படங்களை அவையிட்டைக் குடுக்க ஏலாதோ சேர்?" என்று அந்த அம்மா கேட்டார். விற்ற கடையில் விசாரித்தோம். யாரிடமிருந்து வந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அடையாள அட்டையிலிருந்த முகவரிக்கு எழுதினோம். ஒரு மாதம் காத்திருந்தோம், பதில் வரவில்லை.

ஒருவரின் பொருள் தெரியாமல் எங்கள் கைக்கு வந்தாலும் அது அமானிதம் என்று சிறுவயதில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றால், மற்றவர் கண்ணில் படாமலாவது காக்க வேண்டும். அம்மாவிடம் அதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இனி ஒருத்தரும் எடுக்க ஏலாத மாதிரி அழிச்சு விடுங்கோ" என்றார்.

பிள்ளையின் செயற்றிட்டத்தைப் பிரதி எடுத்துவிட்டு, வன்தட்டை முழுமையாகத் துடைத்தோம். மீட்பு மென்பொருளை மறுபடி ஓடவிட்டபோது ஒன்றுமே வரவில்லை.

சந்தேகம் உள்ளவர்கள் பாடசாலை முடிந்த பிறகு கணினியோடு வாருங்கள். கூட இருந்து செய்து தருவோம். தேவையானவர்களுக்கு இதைப் பகிருங்கள்.